தெப்பத்தில் ஏறிய ஃபைல்கள்

தாமரைக்குளத்துக் கரையில் விலங்குகளுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. காட்டின் பொதுச்சொத்து அது. யார் வீட்டுக் குட்டி வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். அதன் துணைவேந்தர் ஒரு கரடி. நல்ல மனசு, ஆனால் சரியான கவலைக்காரர்.

கவலைப்படக் காரணமும் இருந்தது. நாட்டிலுள்ள காட்டுக் கல்விக்கூடங்களையெல்லாம் வருஷாவருஷம் தரம் பார்த்துப் பட்டியல் போடுவார்கள். தாமரைக்குளம் முதல் பத்துக்குள் ஒருமுறைகூட வந்ததில்லை. இந்த முறையும் வராவிட்டால் குளத்தை எருமைகளுக்கு விட்டுவிடப் போவதாகச் சிங்கராஜா சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து கரடிக்குத் தேன்கூடக் கசந்தது.

பதிவாளர் நரி ஒரு வழி சொன்னது. பாடம் நடத்தியதை யார் பார்க்கப் போகிறார்கள், எழுதி வைத்ததைத்தானே பார்ப்பார்கள், ஆகவே எல்லாவற்றுக்கும் ஃபைல் வேண்டும் என்றது.

அவ்வளவுதான். ஆசிரியர்கள் பாடத்தை மூட்டை கட்டிவிட்டுத் தேக்கிலையில் எழுத உட்கார்ந்தார்கள். மரங்கொத்தி கொத்தச் சொல்லிக்கொடுத்ததற்கு ஒரு ஃபைல். அதைச் சரிபார்த்ததற்கு ஒரு ஃபைல். சரிபார்க்கக் கூட்டம் போட்டதற்கு இன்னொன்று. கரையில் வைத்தால் கறையான் அரிக்குமாம். அதனால் நரி ஒரு மூங்கில் தெப்பம் கட்டி, அத்தனையையும் குளத்து நடுவில் அடுக்கி வைத்தது.

நீச்சல் ஆசிரியை நீர்நாய் மட்டும் ஒரு இலைகூட எழுதவில்லை. எந்நேரமும் குட்டிகளோடு தண்ணீரிலேயே கிடந்தார். கரடி கூப்பிட்டு விசாரித்தார்.

"உங்க ஃபைல் எங்கம்மா?"

"எழுதலாம்னு கரை ஏறினா, கை காயறதுக்குள்ள ஏதாவது ஒண்ணு முங்கப் பாக்குதுங்க ஐயா. குட்டியை விட்டுட்டு எழுத மனசு வரலை."

கரடிக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம்தான் அதிகம். தரம் பார்க்க வரும் அன்றைக்குக் குட்டிகளோடு நாணல் பக்கம் மறைவாக இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். நீர்நாயின் முகம் வாடிப்போயிற்று. அதைப் பார்த்த கரடிக்கும் என்னவோபோல் இருந்தது.

அந்த நாளும் வந்தது. கீரியார் தலைமையில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். நரி வாயெல்லாம் பல்லாகத் தெப்பத்தைக் கரைக்கு இழுத்து அவர்களை ஏற்றியது. பின்னாலேயே கரடியும் ஏறினார். ஃபைல் பாரத்திலேயே முக்கிக்கொண்டிருந்த தெப்பம், துணைவேந்தரையும் சேர்த்து எத்தனை நேரம்தான் தாங்கும்? குளத்து நடுவுக்குப் போனதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இலைக்கட்டெல்லாம் சரிந்தன. அத்தனை பேரும் தொபீரென்று தண்ணீருக்குள்!

கரடிக்கு நீச்சல் தெரியாது. பத்து வருஷமாக அந்தக் குளத்தங்கரையில்தான் துணைவேந்தர். கற்றுக்கொள்ளத்தான் நேரம் கிடைக்கவில்லை. இரண்டு வாய் தண்ணீர் குடித்ததும், குளமும் போச்சு, நாமும் போனோம் என்று நினைத்துவிட்டார்.

நாணலுக்குள்ளிருந்து நீர்நாய் ஒரு சீட்டி அடித்தார். குட்டிகள் பாய்ந்து வந்தன. குரங்குக் குட்டிகள் ஆளுக்கொரு விருந்தாளியைப் பிடித்துக்கொண்டன. நரிக்கு அதன் வால்தான் கைப்பிடி. கரடியைக் கரைசேர்க்க நாலு காட்டுப்பன்றிக் குட்டிகள் வேண்டியிருந்தன.

கரையில் நரி ஒரே புலம்பல். சான்றெல்லாம் தண்ணீரோடு போயிற்றே என்று கையைப் பிசைந்தது. கீரியார் காதில் புகுந்த தண்ணீரைத் தட்டிக்கொண்டே, இந்தக் குட்டிகள் எப்போது சேர்ந்தவை என்று கேட்டார். மூன்று மாதம் ஆகிறது, சேரும்போது தண்ணீரைக் கண்டாலே அலறும் என்றார் நீர்நாய்.

கீரியார் நரியைத் திரும்பிப் பார்த்தார். "சான்று எங்கய்யா போச்சு? நான் உசிரோட உக்காந்திருக்கேன்ல!"

பட்டியல் வந்தபோது தாமரைக்குளத்துக்கு ஏழாம் இடம். குளம் தப்பியது. வேறு குளம் பார்த்துக்கொள்ளச் சொல்லி எருமைகளுக்கு ஆள் போயிற்று.

மறுநாள் காலை நீச்சல் வகுப்பின் கடைசி வரிசையில் கரடி வந்து நின்றார். எல்லார் முன்னாலும் நீர்நாயிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு மெதுவாக, "இன்னைக்கு எது வரைக்கும் இறங்கணும் டீச்சர்?" என்றார்.

முழங்கால் வரை போதும் என்று பதில் வந்தது. பன்றிக்குட்டிகள் நகர்ந்து அவருக்கு இடம் விட்டன.

செய்ய வேண்டிய வேலையைச் செய்துகொண்டிருப்பவர்களைப் பெயர் தானே தேடி வரும். பெயருக்காக வேலையை விட்டவர்களுக்கு இரண்டும் மிஞ்சாது.