எருமை மேல் விழுந்த கொக்கி

கொன்றைக்குளம் சமஸ்தானத்தை ஆண்ட மகுடவேல் பூபதிக்கு வயிறும் பெரிது, ஆசையும் பெரிது. ஒருநாள் அவருக்கு இங்கிலீஷ் ஆசை வந்தது. ஞானாதிக்கம் என்ற வாத்தியாரை வரவழைத்துப் பாடம் கேட்டார். நாலாவது பாடத்தில் வந்தது வினை.

"மகாராஜா, ஒருவர் பேரை எழுதி, கடைசியில் மேலே ஒரு சின்னக் கொக்கி போட்டு, எஸ் எழுத்தையும் சேர்த்துவிட்டால், அடுத்து வரும் பொருள் அவருடையது" என்றார் வாத்தியார்.

"அவ்வளவுதானா? படையெடுக்க வேண்டாமா?" என்றார் ராஜா.

வாத்தியார் சொன்னது இலக்கணம். ராஜா எடுத்துக்கொண்டது சட்டம். சொந்தக்காரர்கள் பலராக இருந்தால் பெரும்பாலும் எஸ்ஸுக்குப் பின்னால்தான் கொக்கி வரும் என்று வாத்தியார் தொடர்ந்தார். பலருக்குப் பங்கு கொடுக்கிற பாடம் நமக்கு வேண்டாம் என்று ராஜா எழுந்துவிட்டார்.

அன்று மத்தியானமே சுண்ணாம்புச் சட்டியோடு கிளம்பினார். சிம்மாசனத்தில் 'ராஜா', கொக்கி, எஸ். யானை மேலும் அதே. வாத்தியாரின் குடையிலும் போட்டதால், பாவம், அவர் மழையில் நனைந்துகொண்டே வீடு போனார். ராணியம்மாவின் வெற்றிலைப் பெட்டியை நெருங்கியபோது அந்த அம்மாள் ஒரு பார்வை பார்த்தார். ராஜா சட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போய்விட்டார்.

ஊருக்குள் முதலில் கண்ணில் பட்டது பால்காரி பேச்சியக்காவின் எருமை. கறுப்பு உடம்பில் வெள்ளை எழுத்து பிரமாதமாக எடுபட்டது. சேவகர்கள் எருமையை அரண்மனைத் தொழுவத்துக்கு ஓட்டிப் போனார்கள்.

பேச்சியக்கா அரசவை விகடர் அப்பாவுவிடம் ஓடினாள். "அய்யா, அந்த ஒத்தை எருமைதான் எங்க வீட்டுச் சோறு. அது போயிட்டா எம்புள்ளைகளுக்கு என்னத்தைப் போடுவேன்?" என்று அழுதாள். எப்போதும் யாரையாவது கேலி செய்துகொண்டிருக்கும் அப்பாவுவுக்கு அன்று வாயில் கேலி வரவில்லை. மனசு கனத்துவிட்டது. நாளைக் காலையில் பிள்ளையார் கோயிலுக்கு வா என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் ஊரே கோயில் முன்னால் கூடிவிட்டது. எருமை நந்தவனத்தில் புகுந்து அரளியை மட்டும் விட்டுவிட்டு மற்ற அத்தனை செடியையும் தின்று தீர்த்திருந்தது. ராஜாவுக்கும் ஆள் போனது. பல்லக்கில் வந்து இறங்கினார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோயில் நிலத்தில் மாடு மேய்ந்துவிட்டால், மாட்டுக்குச் சொந்தக்காரர் பிள்ளையார் முன்னால் நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போட வேண்டும். ஆள் மாற்றிப் போடக்கூடாது. பிள்ளையார் காரியத்தில் ராஜாவுக்கு எப்போதுமே பயம் அதிகம்.

அப்பாவு கைகட்டி நின்றார். "மகாராஜா, எருமை வயித்துல என்ன எழுதியிருக்குன்னு ஊருக்குச் சொல்லணும்."

ராஜா வாசித்தார். தன் தொப்பையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. நாலு சேவகர்கள் தூக்கிவிட்டார்கள்.

"இன்னும் நூத்தியேழு" என்றார் பூசாரி.

ராஜா நேராக எருமையிடம் போய், தன் பட்டு அங்கவஸ்திரத்தாலேயே எழுத்தைத் தேய்த்து அழித்தார். எருமை அது பாட்டுக்கு அசைபோட்டது.

"இது பேச்சியோடது. பேச்சியோடதேதான்" என்றார்.

பேச்சியக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மீதி நூற்றேழையும் அவளே போட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை சந்தோஷமாக யாரும் தோப்புக்கரணம் போட்டு அந்த ஊர் பார்த்ததில்லை. கடைசியில் காதை விட்டுவிட்டு எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் ராஜாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அப்பாவு, கட்டிப்போட்ட எருமை இங்கே எப்படி வந்தது? நம்முடைய பொருளை நீர் எப்படித் தொடலாம்?"

"எருமை மேல எழுதியிருந்துச்சு மகாராஜா, சத்தியமா அதை நான் தொடவே இல்லை" என்றார் அப்பாவு. "கயித்துல ஒண்ணும் எழுதலை. அதைத்தான் அவுத்தேன்."

ராஜா தொப்பை குலுங்கச் சிரித்தார். கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றிக் கொடுத்தார். அப்பாவு அதை முன்னும் பின்னும் திருப்பி, எங்கேயும் கொக்கி இல்லை என்று பார்த்த பிறகுதான் மடியில் முடிந்துகொண்டார்.