புகை போகும் வழி

"வண்டியில இந்தக் கன்வர்ட்டர் எதுக்கு இருக்குன்னே எனக்குப் புரியலை மேஸ்திரி" என்றார் தவமணி.

பரீதா மூலையில் கிடந்த பழைய கன்வர்ட்டர் ஒன்றை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் பொருத்துகிற இரும்பு டப்பா அது. உள்ளே தேன்கூடு போலச் சின்னச் சின்னத் துளைகள். அவற்றின் வழியே எதிரே இருந்த தெரு தெரிந்தது.

பரீதா இன்னொன்றைப் பிடித்துக் காட்டினார். அதில் எதுவும் தெரியவில்லை. கூடு உருகி ஒட்டிப் போயிருந்தது.

"அடைச்சுக்கிச்சு" என்றார் தவமணி. "எப்படிப் பார்த்தாலும் புகைக்கு இது ஒரு தடைதானே? கூட்டையே எடுத்துட்டா வழி இன்னும் நல்லாத் தெரியுமே?"

பரீதா டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

தவமணிக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆயுளில் பாதியை லாரியில் கழித்தவர் அவர். இருட்டில் ஓட்டக் கண் ஒத்துழைக்கவில்லை என்றானதும், ஏற்காடு அடிவாரத்தில் பரீதா நடத்தும் பட்டறைக்குத் தொழில் கற்க வந்து சேர்ந்தார். வயதில் பரீதா அவருக்கு மகள் மாதிரி. அவர் மேஸ்திரி என்பார். பரீதா அண்ணே என்பார்.

மேஸ்திரி கேள்விக்குப் பதில் சொல்வதே அபூர்வம்.

*

பரீதா சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், எடிசன் தன் குடும்ப வேனை உறும விட்டுக்கொண்டே பட்டறைக்குள் கொண்டுவந்தான். மேலே காபித் தோட்டத்தில் வேலை. வண்டி நிறைய மளிகை மூட்டைகள். பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மேடு ஏற மாட்டேங்குதுங்க."

அவன் மனைவி ஃப்ளோரா குறுக்கிட்டாள். "ஏறாதது மட்டுமா? போன வாரம் கொண்டை ஊசி வளைவுல நின்னே போச்சு. பின்னால பஸ்ஸு. இது மெதுவா அதைப் பார்த்து உருளுது. நான் புள்ளைங்களத் தூக்கிட்டுக் குதிக்கப் பார்த்தேன்."

தவமணி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். அடைத்திருந்தது கன்வர்ட்டரேதான். பரீதாவுக்குப் போன் போட்டார்.

"புதுசு சொல்லி விடறேன், வர நாளாகும்" என்றார் பரீதா. "அது தானா அடைக்காதுண்ணே. ஏன் அடைச்சதுன்னு பாருங்க. வண்டி அங்கேயே நிக்கட்டும்."

எடிசன் விடவில்லை. "உள்ள இருக்கிறதை உடைச்சு எடுத்துட்டா ஓடும்ல? எங்க தோட்டத்து ஜீப்புக்கு அப்படித்தாங்க பண்ணினாங்க."

தவமணி பிள்ளைகளைப் பார்த்தார். ஒன்றின் வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. வளைவில் உருண்ட வண்டி அவர் மனதில் வந்து நின்றது.

சூடு ஆறும்வரை காத்திருந்தார். டப்பாவைக் கழற்றினார். கடப்பாரையை உள்ளே விட்டு இடித்தார். கூடு பொலபொலவென்று உதிர்ந்தது. வெறும் டப்பாவைத் திரும்ப மாட்டினார்.

எடிசன் அடிவாரத்து மேட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தான். "பறக்குதுங்க!"

தவமணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மேஸ்திரி இல்லாமல் அவர் தனியாகச் சரிசெய்த முதல் வண்டி அது.

*

பரீதா வந்து இறங்கியபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் நின்று அதன் சத்தத்தைக் கேட்டார்.

"கேக்குதாண்ணே?"

தவமணி காதைக் கொடுத்தார். சீரான ஓட்டத்தின் நடுநடுவே ஒரு தடுக்கல்.

"ஒரு பிளக் சரியா எரிக்கலை."

"எரியாத பெட்ரோல் இத்தனை நாளா எங்க போச்சு?"

"கன்வர்ட்டருக்குள்ள." அவருக்கே அப்போதுதான் உறைத்தது. "அதுக்குள்ள போய் எரிஞ்சிருக்கு. அதான் கூடு உருகி அடைச்சிருக்கு."

"இப்ப எங்க போகுது?"

தவமணி குனிந்து வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

பரீதா ஒரு முக்காலியை இழுத்து வண்டியின் பின்னால், புகைக்குழாய்க்கு நேரே போட்டு உட்கார்ந்தார். கையில் டீ டம்ளர்.

"ஆக்சிலேட்டரை மிதிங்க."

தவமணி ஏறி உட்கார்ந்து மிதித்தார். கண்ணாடியில் பரீதா தெரிந்தார். பெட்ரோல் நெடி வண்டிக்குள்ளேயே அடித்தது. பரீதாவின் கண்ணில் நீர் வந்தது. இருமினார். டீயை ஒரு வாய் குடித்தார். மறுபடி இருமினார். எழுந்திருக்கவில்லை.

தவமணி இன்ஜினை அணைத்துவிட்டார்.

"ஏண்ணே நிறுத்திட்டீங்க? நல்லாத்தானே ஓடுது?"

"நீங்க பின்னால உக்காந்திருக்கீங்களே மேஸ்திரி!"

எடிசனுக்குப் பொறுமை போய்விட்டது. ஓட்டுநர் பக்க ஜன்னலில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். "என்னங்க இது கூத்து? ரோட்டுல யாரு இப்படி முக்காலி போட்டு உக்காரப் போறாங்க? இறங்குங்க, நாங்க மேல போகணும்."

அதுவும் நியாயம்தான் என்று பட்டது தவமணிக்கு. இறங்கக் கதவைத் திறந்தவர் தெருவைப் பார்த்தார்.

மலைக்குப் போகும் லாரி ஒன்று புகையைக் கக்கியபடி மேடேறிக்கொண்டிருந்தது. முந்த வழியில்லாமல் அதன் பின்னாலேயே ஒரு ஸ்கூட்டர். ஓட்டிய பெண்ணின் முன்னால் ஒரு சிறு பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. புகை வந்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பி அம்மா வயிற்றில் புதைத்தது. பிறகு மூச்சுக்கு வெளியே எடுத்தது.

தவமணி சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஏங்க, சாவி..." என்றான் எடிசன்.

"வண்டி இங்கேயே நிக்கட்டும் தம்பி, கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு. மூட்டையை நான் தூக்கிட்டு வரேன். பெரியவனை எழுப்பு."