ஏழு எலும்பும் ஓர் உள்ளங்கையும்

அந்தக் காலத்தில், விலங்கும் மனிதரும் ஒரே பாஷையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, கழுத்து எலும்பு யாருக்கும் தானாக வளராது. பிள்ளைத்தாய்ச்சிகள் மலையடிவாரத்துக்குப் போய், கணுவர் என்பவரிடம் கேட்டு வாங்கி வர வேண்டும். அவர் களிமண்ணில் எலும்பு வனைந்து சூளையில் சுட்டுக் கொடுப்பார். அதை விழுங்கினால் போதும், வயிற்றுப் பிள்ளையின் கழுத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பால் கொடுக்கிற தாய்க்கு ஏழு எலும்பு. இது கணுவர் வைத்த சட்டம்.

யானை வந்து மல்லுக்கு நின்றது. "எலிக்கும் ஏழு, எனக்கும் ஏழா?"

"உனக்குப் பெரிய ஏழு, அதுக்குச் சின்ன ஏழு. வழியை விடு" என்றார் கணுவர்.

பறவைகளிடம்தான் அவர் பாச்சா பலிக்கவில்லை. ஆந்தை பதினான்கு எலும்பை அள்ளிக்கொண்டு பறந்தேவிட்டது. கணுவர் துரத்தி வருகிறாரா என்று இன்றைக்கும் முதுகுப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. டால்பின் என்கிறோமே, அந்த ஓங்கில் வேறு மாதிரி. சூளை எரிந்து முடியும்வரை பொறுக்காமல் பச்சை எலும்பை விழுங்கிவிட்டுக் கடலில் குதித்தது. ஏழும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், அதன் பிள்ளைக்குக் கழுத்தைத் திருப்பவே வரவில்லை. அவசரக்குடுக்கைக்கு வேறென்ன கிடைக்கும்?

இப்படியிருக்கும்போதுதான் மாராயி வந்தாள். மனுஷி, நிறைமாதம். அப்போது மனிதருக்கும் மாட்டைப் போலத் தலை முன்னால்தான் தொங்கும். போன கோடையில் அவளுடைய அண்ணனைப் புல்வெளியில் புலி அடித்துப் போயிருந்தது. பக்கத்தில் வரும்வரை அவன் பார்க்கவே இல்லை.

"அய்யா, என் பிள்ளைக்குத் தலை மேலே நிக்கணும்" என்றாள்.

"எல்லாருக்கும் இருக்கிற மாதிரி இருந்தா ஆகாதா?"

"நாங்க மெதுவா ஓடுறவங்க. புலியைத் தூரத்துலயே பார்த்தாத்தான் பிழைப்போம். கண்ணு உசரத்துல இருக்கணும். நாலு பக்கமும் திரும்பணும்."

கணுவர் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். "சுட்ட எலும்புமேல அத்தனை கனத்தை நிக்க வெச்சா விரிசல் விட்டுடும், தாயி. பச்சையாத்தான் தரணும். பிள்ளை பிறந்த பிறகு, உன் கைச்சூட்டுல அது காயணும். மூணு மாசம். பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் பிடரிக்கு அடியில கை இருக்கணும். ஒரு தடவை தலை சாய்ஞ்சாலும் எலும்பு நழுவிடும். அப்புறம் அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் தரையைத்தான் பார்க்கும். யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டுத்தான் மலை ஏறி வந்தேன். கொடுங்க" என்றாள் மாராயி. பச்சை மண் வாடை அடிக்க, ஏழு எலும்பையும் ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

பெண் பிறந்தது. சிட்டு என்று பேர் வைத்தாள். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கழுத்து மட்டும் துவண்டு துவண்டு விழுந்தது. அதே நாளில் குட்டி போட்ட புள்ளிமான் வேடிக்கை பார்க்க வந்தது.

"என்னடி மாராயி, பிள்ளை பெத்தியா, பூசணிக்கொடி பெத்தியா? என் குட்டியைப் பாரு. விழுந்த நாழிகையில தலையைத் தூக்கிடுச்சு."

மாராயிக்கு நெஞ்சு எரிந்தது. வலது கையை மகளின் பிடரிக்கு அடியில் இன்னும் அழுத்திக் கொடுத்தாள்.

ஒற்றைக் கையால் கிழங்கு தோண்டினாள், ஒற்றைக் கையால் அடுப்பு ஊதினாள். புருஷன்காரன் வாங்கிக்கொண்டால் அவன் கை சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தன் கையை உருவுவாள். இரண்டாம் மாதம் ஓடைக்கரையில் கால் வழுக்கியது. கையை ஊன்றினால் தப்பிக்கலாம். அவள் ஊன்றவில்லை. முகம் பாறையில் மோதி முன்பல் இரண்டு தெறித்தன. எழுந்ததும் மகளைத்தான் பார்த்தாள். தலை கைக்குள்ளேயே இருந்தது. ரத்தம் வழியும் வாயோடு சிரித்தாள், பாருங்கள், அந்தச் சிரிப்புக்கு ஈடு கிடையாது.

மூன்று மாதம் முடிய இன்னும் ஒரு நாள். மாராயி சிட்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு புல்வெளியில் நடந்தாள். பக்கத்தில் மான் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது, குட்டி அதன் காலடியில். திடீரென்று மாராயியின் உள்ளங்கையில் கனமே தெரியவில்லை. எலும்பு நழுவிவிட்டதோ?

இல்லை. சிட்டு தலையைத் தூக்கியிருந்தாள். ஒரு நடுக்கம் நடுங்கி, நிமிர்ந்து, மெல்லத் திரும்பி, தாயின் முதுகுக்குப் பின்னால் எதையோ உற்றுப் பார்த்து, "ங்கா" என்றாள்.

மாராயிக்குக் கழுத்து திரும்பாதே. உடம்போடு திரும்பி, மகளின் கண் போன வழியில் பார்த்தாள். கோரைப்புல்லுக்கு நடுவே மஞ்சளும் கறுப்புமாய் ஏதோ அசைந்தது.

"புலி! ஓடு, குட்டியைக் கூட்டிட்டு ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

மானும் குட்டியும் ஒரு பக்கம் பாய, மாராயி பாறை இடுக்குக்குள் புகுந்துகொண்டாள். பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் புலிக்கு ஏது மரியாதை? தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்த வழியே போயிற்று.

மான் மூச்சிரைக்கத் திரும்பி வந்தது. "காத்து அந்தப் பக்கமா வீசுச்சு, எனக்கே வாடை தெரியலை. நீ எப்படிடி பார்த்தே?"

"நான் எங்கே பார்த்தேன்? என் மகதான் பார்த்தா" என்றாள் மாராயி, பொக்கை வாயில் பெருமை பொங்க. "அவளுக்குத் தலை நின்னுடுச்சு."

மான் சிட்டுவின் பின்கழுத்தை முகர்ந்து பார்த்தது. எலும்பு ஏழும் மாராயியின் உள்ளங்கை வளைவிலேயே இறுகி நின்றன. மேலே, மண்டைக்குக் கீழே, அவளுடைய கட்டைவிரல் பதிந்த இடத்தில் ஒரு சின்னக் குழி. அதைத் தொட்டுப் பார்க்க, காட்டிலிருந்த மனிதர்கள் எல்லாரும் அன்றைக்கு மாராயி வீட்டில் வந்து நின்றார்கள்.

அன்று முதல்தான் கைப்பிள்ளையை யார் வாங்கினாலும் முதலில் பிடரிக்கு அடியில் கை கொடுக்கிறோம், மூன்று மாதமானால் "தலை நின்னுடுச்சா?" என்று கேட்கிறோம், சிட்டுவின் வம்சத்தில் வந்து நிமிர்ந்து நடக்கிற ஒவ்வொருவர் பின்கழுத்திலும் இன்னமும் மாராயியின் கட்டைவிரல் குழி இருக்கிறது.