வெள்ளச்சி தின்ன கடைசி ஏடு

ஒரே ஒரு ஊர்ல கொம்பையன், கொம்பையன்னு ஒரு காவக்காரன் இருந்தானாம். ஆளு ஆனை மாதிரி இருப்பான், மீசையில ரெண்டு எலுமிச்சம்பழம் நிக்கும், ஆனா பல்லி கத்தினாக்கூட அவனுக்குப் பாதி உசுரு போயிடும். சிரிக்காதீங்கடி! பெரிய உடம்புன்னா பயமும் பெருசாத்தானே இருக்கும்?

அந்த ஊர்ல ராசாவோட கிடங்கு ஒண்ணு. உள்ள வீடு ஒசரத்துக்கு ஒரு மரப் பத்தாயம், அதுலதான் ஊரே ஆடி மாசம் விதைக்கிற விதைநெல்லு. அது போச்சுன்னா வருசம் பூரா ஒருத்தர் வீட்டுலயும் உலை கொதிக்காது. இப்ப என்னன்னா, தினம் உச்சிப்பொழுதுல பத்தாயத்துக்குள்ளேருந்து "போ... போ... போயிடு..."ன்னு ஒரு சத்தம். முனிதான்னு சொல்லி மொத காவக்காரன் ஓடிட்டான், ரெண்டாவது ஆளும் ஓடிட்டான், அப்புறந்தான் கொம்பையனைக் கொண்டாந்து வெச்சாங்க. "இவனும் ஓடினா சாவியை ஊர் மணியக்காரர் கையில குடுத்துருங்க"ன்னுட்டார் ராசா. "ஐயோ பாவம், எனக்கு எதுக்குங்க அந்தத் தொந்தரவு"ன்னாராம் மணியக்காரர்.

மொத நா உச்சிப்பொழுது. "போ... போ..."ன்னுச்சு. கொம்பையன் கையிலேருந்த தடியைப் போட்டுட்டு வெளியே ஓடியாந்தான். அங்க வேப்பமரத்தடியில அவன் சிநேகிதி வெள்ளச்சி நின்னுச்சு. வெள்ளச்சி யாரு? ஆடு! வாத்தியார் வீட்டு ஆடு. பசங்க படிக்கிறதைக் கேட்டுக் கேட்டு அதுவும் ஏடு படிக்கக் கத்துக்கிச்சு. ஆனா ஆட்டுப் புத்தி எங்க போகும்? ஒரு ஏட்டைப் படிச்சு முடிச்ச உடனே அதைத் தின்னுடும்.

"ஏன் கொம்பையா இப்படி நடுங்குற?"

"உள்ள முனி, வெள்ளச்சி. நான் ஓடப் போறேன்."

"நீ ஓடினா ஊருக்கு விதை?"

"தெரியுது. தெரிஞ்சும் காலு நிக்க மாட்டேங்குதே, அதான் அழுகையா வருது."

வெள்ளச்சி அவனைக் கேலி பண்ணல. "பயப்படாதேன்னு சொன்னா பயம் போயிடுமா? நான் உன் பக்கத்துல ஒக்காந்து கதை படிக்கிறேன். நீ ம் கொட்டு. உன் ம் நின்னா நானும் நிறுத்திடுவேன்"னுச்சு.

ரெண்டு பேரும் பத்தாயத்துக்குப் பக்கத்துல போய் ஒக்காந்தாங்க. வெள்ளச்சி வாத்தியார் வீட்டுலேருந்து கவ்வியாந்த ஓலைச்சுவடியை விரிச்சுச்சு. "கெணறு வெட்டப் போன ஒரு பொண்ணு, அடியில ஒரு கதவைப் பார்த்தா."

"ம்..."ன்னான் கொம்பையன். பல்லு அடிச்சுக்கிச்சு.

"கதவைத் தட்டினா."

"ம்."

"உள்ளேருந்து ஒரு குரல், வந்துட்டியா, எத்தனை நாளாக் காத்துக்கிட்டிருக்கேன்னுச்சு."

"ம்ம்! அப்புறம்?"

அப்புறம் வெள்ளச்சி அந்த ஏட்டைத் தின்னுச்சு. மீதி நாளைக்குன்னுடுச்சு. அப்பதான் கொம்பையனுக்கே உறைச்சுச்சு, உச்சிப்பொழுது தாண்டி ரொம்ப நேரமாச்சு, தான் இன்னும் ஓடவே இல்லன்னு. என்ன சந்தோசம் அவனுக்கு! வெள்ளச்சி கழுத்தைக் கட்டிக்கிட்டான்.

ரெண்டாம் நாளும் "போ..."ன்னுச்சு, வெள்ளச்சி படிச்சுது, கொம்பையன் ம் கொட்டினான், போ போ நின்னுடுச்சு. வெளிய வந்ததும் வெள்ளச்சி கேட்டுச்சு, "ஏன் கொம்பையா, முனி கதை கேக்குமா?"

"ஏன்?"

"நீ ஒரு ம் கொட்டினா எனக்கு ரெண்டு ம் கேக்குதே."

கொம்பையன் வெள்ளச்சியை ஒட்டி ஒதுங்கினான். ஆனா அன்னைக்குத்தான் மொத தடவையா, பயத்தையும் தாண்டி, உள்ள இருக்கிறது யாருன்னு பாத்துடணும்னு ஆசை வந்துச்சு.

மூணாம் நா. ம் கொட்டுறீங்களா, தூங்கிட்டீங்களா? மூணாம் நா கடைசி ஏடு ஒண்ணுதான் பாக்கி. "அந்தப் பொண்ணு கதவுல கை வெச்சா."

"ம்."

"தள்ளினா."

"ம்ம்."

"கதவு திறந்துச்சு. உள்ள பார்த்தா..."

வெள்ளச்சி அங்கயே நிறுத்துச்சு. கடைசி ஏட்டை மனசுக்குள்ள படிச்சுச்சு. மடிச்சு வாயில போட்டு, மொறுக் மொறுக்னு மெல்ல ஆரம்பிச்சுச்சு.

"அடப்பாவி ஆடே! படிச்சுட்டுத் தின்னு! உள்ள யாரு இருந்தா?"ன்னு பத்தாயத்து மூடியைத் தள்ளிக்கிட்டு எந்திரிச்சது யாருங்கிறீங்க? நம்ம மணியக்காரர்! தலையெல்லாம் நெல்லு, மடியெல்லாம் நெல்லு.

கொம்பையன் ஒரு எட்டு பின்வாங்கினான். வெள்ளச்சி பக்கத்துல வந்து ஒட்டி நின்னுச்சு. ஒரே எட்டு, மணியக்காரரைக் குடுமியோட தூக்கி வெளிய வெச்சான். பார்த்தா, பின்சுவத்துல ஆள் நுழையற ஓட்டை, பத்தாயத்துல கழண்ட பலகை! போ போன்னு காவக்காரங்களைப் பயங்காட்டி ஓட்டிட்டு, சாவி கையில வந்துட்டா மொத்த நெல்லையும் அள்ளிடலாம்னு திட்டம்.

ராசா விசாரிச்சார். தூக்கிட்டுப் போன நெல்லையெல்லாம் மணியக்காரரே முதுகுல சுமந்து கொண்டாந்து கொட்டினார். வேலையும் போச்சு. அதுக்கு மேல ஒரு தண்டனை: தினம் உச்சிப்பொழுதுல சந்தையில ஒக்காரணும், வெள்ளச்சி ஒரு கதை படிக்கும், அவர் ம் கொட்டணும், கடைசி ஏட்டை மட்டும் வாய்விட்டுப் படிக்காம தின்னுடும். "முடிவைச் சொல்லு தாயி, முடிவைச் சொல்லு"ன்னு ஆட்டுக்குப் பின்னாலயே ஓடி ஓடி மனுசன் துரும்பாயிட்டாராம்.

கதவுக்குள்ள என்ன இருந்துச்சுன்னா கேக்குறீங்க? அன்னைக்குச் சாயங்காலம் வெள்ளச்சி கொம்பையன் காதுல மட்டும் சொல்லிச்சு. பயந்தப்போ பக்கத்துல ஒக்காந்தவங்களுக்குள்ள அப்படி ஒரு ரகசியம் இருக்கும்.

கதை எங்கிட்ட தீர்ந்துச்சு, ஏடு ஆட்டு வயித்துல சேர்ந்துச்சு. எங்க, எல்லாரும் ஒரு ம் சொல்லுங்க பார்ப்போம்.