தலைப்பு வைக்காத கதை

வைரவன் லேசுப்பட்ட ஆளில்லை. ஒன்பது புத்தகம் எழுதியவர். அவருடைய பாட்காஸ்ட்டை வாராவாரம் நாலு லட்சம் பேர் கேட்கிறார்கள். போதாக்குறைக்கு ஆன்மிக வாழ்க்கைப் பயிற்சியாளர் வேறு. எதிரில் உட்கார்ந்தவரைப் பார்த்துத் தலையை லேசாகச் சாய்த்து ‘ம்...’ என்பார். அவ்வளவுதான், எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரரும் மனசில் உள்ளதைக் கொட்டிவிடுவார்.

அந்த மனுஷன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கும் பூங்கோதை அம்மாவின் குடிலுக்கு அலறியடித்துக்கொண்டு வந்தார். அம்மா அவருடைய குரு. வயதில் அவரைவிட மூன்று வருஷம் சின்னவர். அதனாலென்ன? பதினாலு வருஷமாக வைரவன் வாயை மூடிக்கொண்டு கேட்கிற ஒரே ஆள் அவர்தான்.

அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

“என் பொண்ணு தென்றல் ஹாஸ்டல்லேருந்து திடீர்னு வீட்டுக்கு வந்துட்டாம்மா. மூணு நாளா ரூமை விட்டு வெளியே வரலை. என்னடான்னு கேட்டா, ‘ஒண்ணுமில்லப்பா’ங்கிறா. எனக்குப் பயமா இருக்கு.”

“அவ அம்மாகிட்ட?”

“அவகிட்டயும் சொல்லலை. ‘நீ அப்பாகிட்ட சொல்லிடுவே’ன்னாளாம்.”

“முன்னாடி எப்படி?”

“வாய் ஓயாம பேசுவாம்மா. போன வருஷம் வரைக்கும்.”

“போன வருஷம் என்ன நடந்துச்சு?”

வைரவன் தொண்டையைச் செருமிக்கொண்டார். கூடவே இருந்த தோழி ஒருத்தி துரோகம் பண்ணியதைத் தென்றல் அப்பாவின் மடியில் விழுந்து அழுது சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரமே அது எபிசோடாக வந்துவிட்டது.

“பேரை மாத்திட்டேம்மா. ‘மலர்’னு வெச்சேன். எங்க மனசுக்கு எவ்வளவு ஆறுதலா இருந்துச்சு தெரியுமான்னு ஆயிரம் பேர் எழுதினாங்க.”

“தென்றல்?”

“ஹாஸ்டல் பூரா கண்டுபிடிச்சுட்டாங்களாம்.” அவர் குரல் இறங்கிவிட்டது. “ஊரே எங்கிட்ட மனசைத் திறக்குது. பெத்த பொண்ணு திறக்க மாட்டேங்கிறா. ஏம்மா?”

அம்மா முறத்தை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

“போன் எங்கே?”

“கார்ல.”

“நோட்டு?”

“அதுவும் அங்கேதான்.”

“அப்போ ஒண்ணு சொல்றேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை.”

வைரவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா தன் பழைய வாழ்க்கையைப் பற்றி வாயைத் திறந்ததே கிடையாது.

“எனக்கு அண்ணன் ஒருத்தன் இருந்தான். வீட்டைவிட்டு ஓடிப்போயிட்டான். அவன் பேரையே சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டார். பத்து வருஷம் கழிச்சு ஒருநாள் மத்தியானம் கதவைத் தட்டுற சத்தம். நான் போய்த் திறந்தேன். அண்ணன் நிக்கிறான். ஆள் பாதியா இளைச்சிருந்தான். செருப்புகூட இல்லை. அப்பா உள்ளே சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். ‘யாரும்மா அது?’ன்னு கேட்டார்.”

வைரவன் தலையைச் சாய்த்தார். “ம்...”

அம்மா நிறுத்திவிட்டார்.

“சொல்லுங்கம்மா. நீங்க என்ன சொன்னீங்க?”

“இதுக்கு என்ன தலைப்பு வெச்சீங்க?”

“நானா? ஐயோ, நான் ஒண்ணும்...”

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வைரவனுக்கு வியர்த்துவிட்டது. ‘வாசல் வரை வந்தவன்.’ தலைப்பு எப்போதோ மனசில் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. எந்த இடத்தில் புல்லாங்குழல் வர வேண்டும் என்பதுகூட முடிவாகியிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“எப்போ வெச்சீங்க?”

“அண்ணன் செருப்பில்லாம நின்னப்பவேம்மா.”

அம்மா முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டு மறுபடி உரிக்க ஆரம்பித்தார்.

“மீதி?”

“இன்னிக்கு இல்லை.”

வைரவன் வீட்டுக்குப் போனார். அந்த வாரம் எபிசோடு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மைக்கைப் பெட்டியில் போட்டு மூடிப் பரணில் ஏற்றினார். தென்றலின் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் வெளியே வந்தபோதெல்லாம் “காபி வேணுமா?” என்று மட்டும் கேட்டார். ‘ம்...’ என்று வாய்வரை வந்ததை எத்தனை தடவை விழுங்கினாரோ, அவருக்கே தெரியாது.

இரண்டு மாதம் கழித்துக் குடிலுக்கு வந்தார். அம்மா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். சீடர்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

“தென்றல் பேசினாளா?”

“பேசினாம்மா. பதினோராவது நாள், காபி குடிச்சுக்கிட்டே.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ன சொன்னா?”

வைரவன் வாயைத் திறந்தார். கேட்டால் கல்லும் கரைந்துவிடும், அப்படிப்பட்ட விஷயம். எங்கே ஆரம்பிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் குனிந்து குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். உதறி, மடித்து, ஓரத்தில் வைத்தார்.

“மறுபடி காலேஜ் போறாம்மா. நல்லா சாப்பிடுறா.”

“அட, அவ்வளவுதானா?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

வைரவன் இன்னொரு துண்டை எடுத்தார்.

அம்மா மற்றவர்களைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடச் சொல்லி அனுப்பினார். கடைசி ஆளும் போன பிறகு, கையிலிருந்த சேலையின் ஒரு முனையை வைரவனிடம் நீட்டினார்.

“அப்பா ‘யாரும்மா அது?’ன்னு கேட்டார். அங்கேதானே விட்டேன்?”