அழித்த வரிசை

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்தாறு.

குரு ஜெனிட்டா, கோயம்புத்தூரில் ஒரு தொழில்முறை கூடைப்பந்து அணியின் கோச். சீடர் வைத்தீஸ்வரன் முப்பது வருஷம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, "எனக்கு ஆட்டத்தைக் கத்துக்குடுங்க" என்று வந்து நின்றவர். கணக்கில் புலி. பந்தைப் பிடிக்கத் தெரியாது.

மாசிலாமணியின் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா, வேண்டாமா? அன்று சாயங்காலத்துக்குள் நிர்வாகத்துக்குச் சொல்லியாக வேண்டும். கணக்குப் பார்த்து அறிக்கை எழுதும் வேலையைச் சீடரிடம் விட்டிருந்தார் கோச். மாசிலாமணி அணியின் சென்டர், அதாவது கூடைக்கு அடியில் நிற்கிறவர். ஆறடி ஒன்பது அங்குலம். வயது முப்பத்தி நாலு. இங்கே இல்லை என்றால் வேறு அணி எடுக்காது.

வைத்தீஸ்வரன் லேப்டாப்போடு மைதானத்துக்குள் வந்தார். "வேண்டாம்னு எழுதிட்டேன், கோச்."

"எதை வெச்சு?"

"கார்டு, ஃபார்வேர்டு, சென்டர், மூணு இடத்தையும் ஒப்பிட்டேன். வெளியே நின்னு பந்தை நடத்துற நம்ம கார்டு, ஆட்டத்துக்குப் பத்தொன்பது புள்ளி எடுக்கிறார். இவர் நாலு."

"சென்டர் கார்டு மாதிரி புள்ளி எடுக்கணுமா சார்?"

"அந்தத் தப்பைப் பண்ணுவேனா? லீக்ல இருக்கிற அத்தனை சென்டரோடவும் வெச்சுப் பார்த்துட்டேன். பந்தைத் தடுத்த கணக்குலயும் இவர்தான் கடைசி. தடுக்கிறதுதானே சென்டர் வேலை?"

அது நியாயமான கேள்விதான். கோச் அவர் காலைப் பார்த்தார். "ஷூ போட்டுட்டு வாங்க" என்றார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஏதாவது சொல்லித் திட்டுவார் என எதிர்பார்த்தார் வைத்தீஸ்வரன். திட்டியிருந்தால் தேவலை. கோச் அவர் கையில் பந்தைத் திணித்தார். மறுகோடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மாசிலாமணியைக் கூப்பிட்டார்.

"மாசி, கூடைக்குக் கீழ நில்லு. சாரைத் தொடக் கூடாது. சார், கிட்டப் போய்க் கூடையில எறியுங்க."

வைத்தீஸ்வரன் நேராக ஓடினார். மாசிலாமணி இரண்டு கைகளையும் உயர்த்தினார், அவ்வளவுதான். வைத்தீஸ்வரனின் கால்கள் அவரைக் கேட்காமலே இடப்பக்கம் திரும்பி வெளியே வந்துவிட்டன.

இரண்டாம் தடவை பக்கவாட்டில் புகுந்தார். மாசிலாமணி ஓர் அடி எடுத்து வைத்தார். வைத்தீஸ்வரன் வந்த வழியே திரும்பினார்.

மூன்றாம் தடவை, வருவது வரட்டும் என்று கூடைக்கு நேர் கீழே போய்விட்டார். நிமிர்ந்து பார்த்தால் கூடை தெரியவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு உள்ளங்கை இருந்தது. பந்தைக் கோச்சிடமே வீசிவிட்டார்.

"மன்னிச்சுக்கங்க சார்" என்றார் மாசிலாமணி, கூச்சத்தோடு.

"எழுதுங்க சார்" என்றார் கோச். "மாசி எத்தனை பந்து தடுத்தான்?"

"ஒண்ணுகூட இல்லையே. நான் எறிஞ்சாத்தானே..." பாதியில் நிறுத்தினார்.

போய் லேப்டாப்பைத் திறந்தார். தான் திருத்துவதற்கு முந்தைய பட்டியலைத் தேடி எடுத்தார். அதில் ஒரு வரிசை உண்டு: ஒவ்வொரு சென்டருக்கும் எதிரே, கூடையடியில் எதிரணி எறிந்த பந்துகள். மற்றவர்களுக்கு ஆட்டத்துக்குப் பத்து, பன்னிரண்டு. மாசிலாமணிக்கு ஒன்று, பூஜ்யம், பூஜ்யம், இரண்டு, பூஜ்யம். குறிப்பெடுத்தவர் தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, அந்த வரிசையையே தன் கையால் அழித்திருந்தார்.

பதினான்கு ஆட்டமும் இப்படித்தான். நாட்டுக்காக ஆடிய ஆட்டக்காரர்கள்கூட அந்த இடம் வரை வந்து, தன்னைப் போலவே திரும்பிப் போயிருக்கிறார்கள். வைத்தீஸ்வரனுக்குப் புல்லரித்தது. முப்பது வருஷம் எண்களோடு குடும்பம் நடத்தியவர், அந்தப் பூஜ்யங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து மறுபடி படித்தார். மறுகோடியில் மாசிலாமணி மிச்சத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

வைத்தீஸ்வரன் 'வேண்டாம்' என்பதை அழித்தார். 'நீட்டிக்கவும்' என்று எழுதினார்.

"கோச், இவ்வளவு நாளா நான் என்னத்தை எண்ணிட்டிருந்தேன்? இனிமே எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?"

கோச் குனிந்து திரையைப் பார்த்தார்.

"அந்த வரிசையை மறுபடி போடுங்க. கடைசியில உங்க பேரையும் சேருங்க சார். மூணு தடவை போனார், எறிஞ்சது பூஜ்யம்."