மன்னர் விழித்தால் விடியல்

"அளந்த விரலை வெட்டுங்கள்!" என்று கத்தினார் கோளரி மன்னர். பூதி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

முரம்பு நாட்டை அந்தக் காலத்தில் ஆண்டவர் அவர்தான். அங்கே மழை அளப்பது பூதியின் வேலை. வீட்டு முற்றத்தில் கல்தொட்டி வைத்து, தினமும் சூரியன் உதித்ததும் நீரை விரல் கணக்கில் அளந்து கொட்டிவிடுவாள். அரண்மனையிலும் ஒரு தொட்டி உண்டு. அதை அளப்பவர் அவைத்தலைவர் சேந்தனார். அவரும் விடியலில்தான் அளந்தார். ஆனால் அரண்மனையில் மன்னர் கண் விழிப்பதற்குத்தான் விடியல் என்று பெயர். முந்திக் கூவிய சேவல்களெல்லாம் குழம்பாகிவிட்டன.

"இவள் நேற்றும் மூன்று விரல் என்றாள், இன்றும் மூன்று என்கிறாள். நம் தொட்டியில் நேற்று ஐந்து, இன்று ஒன்று. பொய்க்காரி, அரசே!" என்றார் சேந்தனார்.

"ஐயா, இரண்டு நாளும் கூட்டினால் இரண்டு தொட்டியிலும் ஆறுதான். அளந்த நேரம்..."

"மன்னர் விழித்த நேரத்தையா குறை சொல்கிறாய்?"

இனிப் பேசினால் விரலோடு நாக்கும் போகும். பூதி பணிந்தாள். "குற்றம் என்னுடையதுதான். வெட்டுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். மன்னரின் உயர்வை ஊர் அறிய வேண்டாமா? இரண்டு நாள் விடியலில் அவர் நிழலை அளந்து கல்லில் பொறிக்கலாம். சேந்தனாரே அளக்கட்டும்."

சேந்தனாருக்கு வாயெல்லாம் பல். "எனக்குத் தோன்றாமல் போயிற்றே!"

மழை விட்டிருந்தது. மறுநாள் வயிற்றுவலி மன்னரை உண்மையான காலையிலேயே எழுப்பிவிட்டது. நிழல் பன்னிரண்டு அடி. அவை ஆர்ப்பரித்தது. அடுத்த நாள், மருந்து மயக்கத்தில், உச்சிவெயிலில்தான் எழுந்தார். சேந்தனார் கோலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"எவ்வளவு?"

"ஒரு... ஒரு அடி, அரசே."

"நான் குறுகிவிட்டேனா?"

"ஐயோ, இல்லை!"

"அப்படியானால் நீர் பொய்யாக அளந்தீரா?"

"இல்லவே இல்லை!"

"சொல்லுங்கள் ஐயா," என்றாள் பூதி. "வேறு எதில் குறை?"

சேந்தனாரின் குரல் தரையில் விழுந்தது. "நேரத்தில். மன்னர்... இன்று தாமதமாக விழித்தார்."

மன்னர் இரண்டையும் எடைபோட்டார். குள்ளன் என்பதைவிடத் தூங்குமூஞ்சி என்பது மேல் என்று அவருக்குப் பட்டது.

"இரண்டு தொட்டிகளையும் இனிச் சூரியன் உதித்ததும் அளக்க வேண்டும், நான் விழித்தாலும் விழிக்காவிட்டாலும். பூதியின் விரலுக்கு மோதிரம் போடுங்கள். சேந்தனாரே, நீர் தினமும் இருட்டோடு எழுந்து இவள் வீட்டுக்குப் போய் அளக்கக் கற்றுக்கொள்ளும்."

எல்லோரும் மோதிரத்தைப் பார்க்க பூதியைச் சூழ்ந்துகொண்டார்கள். மன்னர் மட்டும் குனிந்து தன் நிழலைப் பார்த்தார். பிறகு மெல்லக் குதிகால்களை உயர்த்தி நின்றார்.